பின் சீட்டுக்கு எந்தப் பாலிசி?

மாரியூரில் வண்டி வாங்கினால் முதலில் போவது சைலன்சர். அடுத்தது சக்கரத்து ஸ்போக்ஸ். அதற்குப் பிறகு செயின் கவர், மட்கார்டின் அடிப்பக்கம், ஸ்டாண்டு ஸ்பிரிங். தெற்கே கடல், கிழக்கே வாலிநோக்கம் வரைக்கும் உப்பளம். இந்தக் காற்றில் இரண்டு மழைக்காலம் நின்ற வண்டியைச் சாயல்குடி மெக்கானிக் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார். "கடக்கரை வண்டியா? ஸ்பேனர் போட்டா நட்டு வராது, உடஞ்சுதான் வரும், சொல்லிட்டேன்" என்று முன்னாலேயே கைகழுவிவிட்டுத்தான் தொடுவார்.

அதனால் எங்கள் ஊரில் வண்டி இன்சூரன்ஸ் பற்றி என்னிடம் வரும் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "அண்ணே, ஃபுல் இன்சூரன்ஸ் போட்டா துருப்பிடிச்ச சைலன்சரை மாத்தித் தருவாகளா?" தரமாட்டார்கள். துரு, தேய்மானம், தானாக நின்றுபோன எஞ்சின் இதெல்லாம் எந்தக் கம்பெனியின் எந்தப் பாலிசியிலும் விலக்கு. "அப்பறம் எதுக்கு ஃபுல்லு? தேர்ட் பார்ட்டியே போதும்" என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். காரணம் சரி, முடிவு தப்பு. இதைப் புரியவைக்கத்தான் எனக்குப் பல வருசமாகத் தொண்டை காய்கிறது.

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் ஆபீஸில் பாதி வேலை எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனு. எஃப்.ஐ.ஆர். நகல், காயச் சான்று, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி என்று ஜெராக்ஸ் எடுத்து, நம்பர் போட்டு, நூல் கோத்து கோர்ட்டில் தாக்கல் செய்வது என் வேலை. சாயல்குடியில் காலையில் பஸ் ஏறினால் ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் ஒரு கட்டைப் படித்து முடித்துவிடலாம். அப்படிப் படித்துப் படித்தே பாலிசித் தாளில் எந்தக் கட்டத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது கண்ணுக்குப் பழகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் இன்சூரன்ஸ் என்பது போலீஸ்காரருக்காகப் போடுவது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை மறித்தால் நீட்ட ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2000 ரூபாய் அபராதம், மறுபடி பிடிபட்டால் 4000, கூடவே மூன்று மாதம் வரை ஜெயிலும் உண்டு. 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை உள்ள வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி வருசக் கட்டணம் 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தபடி 714 ரூபாய், வரி தனி. 714ஐக் கட்டி 2000ஐத் தப்பிக்கிறோம் என்பது ஊர்க்கணக்கு.

கோர்ட்டுக் கணக்கு வேறு. எங்கள் வக்கீல் பென்சிலால் போடுவதை நான் டைப் அடிப்பேன். 32 வயசு மீனவர், வலை வேலை, மாசம் 15,000 சம்பாத்தியம், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளை, வயசான அம்மா என்று வைத்துக்கொள்வோம். ரோட்டோரம் நடந்துபோனவர் மேல் யாரோ ஒரு பையன் பைக்கை ஏற்றிவிட்டான். சுப்ரீம் கோர்ட் 2009ல் சரளா வர்மா வழக்கிலும் 2017ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த வாய்ப்பாடு இருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவர், 40க்குக் கீழே என்றால் வருங்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டு: 21,000. நாலு பேர் நம்பியிருந்தால் அவருடைய சொந்தச் செலவு என்று கால் பங்கைக் கழி: 15,750. பன்னிரண்டால் பெருக்கு: 1,89,000. 31 முதல் 35 வயசு வரைக்குப் பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். ஈமச்செலவு மாதிரிச் சில்லறைத் தலைப்புகள் இதற்கு மேலே.

இந்த முப்பது லட்சத்தை யார் கொடுப்பது? 714 கட்டியிருந்தால் கம்பெனி கொடுக்கும். மூன்றாம் நபரின் உயிருக்கும் உடம்புக்கும் உச்சவரம்பே கிடையாது. கோர்ட் எவ்வளவு சொன்னாலும் அவ்வளவு. சொத்துச் சேதத்துக்கு மட்டும்தான் இருசக்கர வாகனத்தில் ஒரு லட்சம் என்று வரம்பு. கட்டவில்லை என்றால் வண்டிக்காரர் வீடு, பட்டா நிலம், வள்ளம் எல்லாம் ஜப்திக்கு வரும். பேரம் பேசி, தவணை கேட்டு, கடைசியில் இரண்டு குடும்பமும் கோர்ட் வராண்டாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். செத்தவர் வீட்டுக்கும் பணம் வராது, கொன்றவர் வீட்டிலும் நிம்மதி இருக்காது. தேர்ட் பார்ட்டி என்பதை மட்டமான பாலிசி என்று நினைப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். இந்தியாவில் போடக்கூடிய இன்சூரன்ஸ்களிலேயே ரூபாய்க்கு அதிகம் தாங்குவது அதுதான்.

இதைக் கட்டாயமாக்கியது புதுசாக வந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் 1930 சாலைச் சட்டத்தில் வந்ததைப் பார்த்து 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் இங்கேயும் எழுதினார்கள். அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946ல். இப்போதுள்ள 1988 சட்டத்தில் அது 146ஆம் பிரிவு. சட்டம் இருந்தும் அப்போதெல்லாம் பாதிப் பைக்காரர்கள் முதல் வருசத்தோடு பாலிசியை விட்டுவிடுவார்கள். இதைக் கேள்வி கேட்டுச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர் நம் கோயம்புத்தூர்க்காரர். கங்கா மருத்துவமனை எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். ரோட்டில் அடிபட்டு வருகிறவர்களை மேஜையில் பார்த்துப் பார்த்து 2012ல் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2018 ஜூலையில் வந்த உத்தரவின்படி, அந்த வருசம் செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருசத் தேர்ட் பார்ட்டியை வாங்கும்போதே சேர்த்துக் கட்டியாக வேண்டும்.

நல்ல உத்தரவு. ஆனால் அதிலிருந்து ஒரு புதுக் குழப்பம் முளைத்தது. என் சித்தப்பா மகன் 2019ல் ராமநாதபுரம் ஷோரூமில் பல்சர் எடுத்தான். பாலிசியில் ஐந்து வருசம் என்று போட்டிருக்கிறது, "அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்ணே" என்று தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டான். மூன்றாவது வருசம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்திய வண்டி இல்லை. எஃப்.ஐ.ஆர். போட்டு, இரண்டு சாவியையும் தேடி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். தாளை விரித்துப் பார்த்தேன். அதில் இரண்டு தேதி வரிசை இருந்தது. தேர்ட் பார்ட்டிக்கு ஐந்து வருசத் தேதி. அதற்கு மேல் வரியில் ஓன் டேமேஜ் என்று போட்டு ஒரு வருசத் தேதி. அது முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. திருட்டு, தீ, வெள்ளம், புயல், கீழே விழுந்து உடைவது எல்லாம் அந்த மேல் வரிக்குள் வருகிறவை. சொந்தச் சேத கவரை மட்டும் தனியாக வருசா வருசம் போட்டுக்கொள்ளலாம் என்று 2019 செப்டம்பரிலிருந்தே வசதி இருக்கிறது. ஷோரூமில் சொல்வார் யாரும் இல்லை. பைக் கடன் மட்டும் பாக்கி இருந்தது. அதை அவன் கட்டி முடித்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் பற்றிய சங்கடம். எனக்கு மறக்காத கட்டு ஒன்று உண்டு.

மாரியூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பனைத் தொழில், சீசன் இல்லாத நாளில் வேலிக்கருவை வெட்டிக் கரி மூட்டம் போடுவார். பழைய ஸ்ப்ளெண்டர். மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கீழக்கரைக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறார். ரோட்டு ஓரத்துக் கருவைப் புதரிலிருந்து ஆடு ஒன்று பாய்ந்தது. எதிரே வண்டி இல்லை, லாரி இல்லை, குற்றம் சாட்ட வேறு ஆள் இல்லை. அவர் சிராய்ப்போடு எழுந்துவிட்டார். பின்னால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழவில்லை.

மனுவை நான்தான் டைப் அடித்தேன். மனுதாரர்கள்: இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. முதல் எதிர்மனுதாரர், வாகன உரிமையாளர்: அவர்களுடைய அப்பா. இரண்டாம் எதிர்மனுதாரர்: இன்சூரன்ஸ் கம்பெனி. வேறு வழியில் அந்த மனுவைப் போட முடியாது. விபத்துக்குக் காரணம் அவர் ஓட்டியது என்று சொன்னால்தான் கம்பெனி பொறுப்பேற்கும். அந்தப் பெண் கூண்டில் ஏறி, எங்கப்பா வேகமா ஓட்டுனாரு என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் பின்வரிசையில் துண்டைக் கையில் சுருட்டியபடி நின்றுகொண்டிருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அவள் இறங்கி நேரே அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

பாலிசியைப் பார்த்த அன்றைக்கே எங்கள் வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது. பாலிசித் தாளின் வலது பக்கம் ஒரு கட்டம் இருக்கும். முதல் வரி அடிப்படைத் தேர்ட் பார்ட்டிக் கட்டணம், எதிரே தொகை. அடுத்த வரி உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பு, எதிரே தொகை. அதற்குக் கீழே பின்னால் உட்காருபவருக்கு என்ற வரி, எதிரே சைபர். இடது பக்கம் சொந்தச் சேதக் கட்டம் முழுக்கச் சைபர். தலைப்பில் லையபிலிட்டி ஒன்லி. கோர்ட் பாஷையில் ஆக்ட் பாலிசி.

சட்டம் கட்டாயப்படுத்தும் அந்த ஆக்ட் பாலிசியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார். சுப்ரீம் கோர்ட் 2006ல் திலக் சிங் வழக்கில் இதைச் சொன்னது, 2008ல் சுதாகரன் வழக்கில் மறுபடி சொன்னது. ரோட்டில் நடந்துபோகும் முன்பின் தெரியாத ஆளுக்கு அந்த 714 ரூபாய் வரம்பில்லாமல் காப்பு தருகிறது. பின் சீட்டில் இருக்கும் கட்டிய மனைவிக்குத் தருவதில்லை. நம்மூர்ப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் கேலி பண்ணுகிறேன் என்று நினைப்பார்கள்.

பேக்கேஜ் பாலிசி என்கிற முழுப் பாலிசியில் நிலைமை தலைகீழ். அதன் இரண்டாம் பகுதியிலேயே, கூலி வாங்காமல் ஏற்றிச் செல்லப்படுபவரும் அடக்கம் என்று இருக்கிறது. கம்பெனிகள் அதையும் மறுத்துக்கொண்டிருந்தபோது, 2009 நவம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை விட்டு, பேக்கேஜ் பாலிசி என்றால் பைக்கில் பின்னால் உட்காருபவரும் உண்டு என்று தெளிவாக்கியது. 2012ல் பாலகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதை எடுத்துக்கொண்டது. அந்தக் கரி மூட்டக்காரர் பழைய வண்டிக்கு முழுப் பாலிசி போட்டிருந்தால் கூடுதலாகச் சில நூறு ரூபாய் ஆகியிருக்கும். தீர்ப்பில் கம்பெனியை விடுவித்தார்கள். முதல் எதிர்மனுதாரர் தொகையை வட்டியோடு செலுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கு அப்பா கட்ட வேண்டும். நகலை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இதை என்ன செய்யிறதுங்கய்யா?" என்று அவர் கேட்டார். எங்கள் வக்கீல், வச்சுக்கோங்க என்றார்.

அதிலிருந்து யார் வந்து எந்தப் பாலிசி போடுவது என்று கேட்டாலும், வண்டி எத்தனை வருசத்து மாடல் என்று நான் கேட்பதில்லை. பின்னால் யார் உட்காருவாக என்றுதான் கேட்பேன். மாரியூரில் பதில் எப்போதும் ஒன்றுதான்: எல்லாரும். சித்திரையில் பூவேந்தியநாதர் கோயிலில் வலைவீசு படலம் நடக்கிற அன்றைக்குக் கடற்கரை ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். பெட்ரோல் டாங்க் மேல் சின்னது, நடுவில் பெரியது, பின்னால் அம்மா, அவர் மடியில் கைக்குழந்தை. சட்டப்படி பின்னால் ஒருவர்தான். அதற்கு மேல் ஏற்றினால் பாலிசி எதுவானாலும் கோர்ட்டில் நம் பங்குத் தப்பு என்று கழிப்பார்கள். ஹெல்மெட் இல்லாவிட்டாலும் கழிப்பு உண்டு. அதையும் சொல்வேன். தலையாட்டிவிட்டு நாலு பேராக ஏறிப் போவார்கள்.

பின் சீட்டுக்கு அடுத்து நான் பார்ப்பது ஆர்.சி.யில் யார் பெயர் என்று. உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் கட்டாய விபத்துக் காப்பு இருக்கிறது. 2018 வரைக்கும் இருசக்கர வாகனத்துக்கு இது வெறும் ஒரு லட்சம். சென்னை உயர் நீதிமன்றம் 2017ல் சொன்னதன் பேரில்தான் பதினைந்தாக உயர்ந்தது. இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ முழுத் தொகை, ஒரு கையோ காலோ கண்ணோ போனால் பாதி. கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தால் ஒரு பைசா கிடையாது. இந்தக் காப்பு இரண்டு சொல்லையும் சேர்த்துத்தான் கேட்கும்: உரிமையாளராகவும் இருக்க வேண்டும், ஓட்டியவராகவும் இருக்க வேண்டும், கையில் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும். எங்கள் ஊரில் அப்பா பெயரில் வண்டி. அவருக்கு லைசென்ஸ் கிடையாது, சைக்கிளைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. ஓட்டுவது மகன். அம்மா இருசக்கர வாகனத் திட்டம் 2018 பிப்ரவரியில் வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று பல வீட்டில் ஸ்கூட்டர் வந்தது. ஆர்.சி. அக்கா பெயரில், சாவி மச்சான் இடுப்பில். மச்சானுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பதினைந்து லட்சம் அசையாது.

இரவல் வண்டிக்கும் அதே கதிதான். 2009ல் நிங்கம்மா வழக்கு என்று ஒன்று சுப்ரீம் கோர்ட்டில் வந்தது. கர்நாடகத்துக்காரர் ஒருவர் தெரிந்தவரிடம் ஹீரோ ஹோண்டா வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும்போது, இரும்புத் தகடு ஏற்றிப் போன மாட்டு வண்டி சட்டென்று நிற்க, அதில் மோதி இறந்துபோனார். வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளர் நின்ற இடத்தில் நிற்பவர், அவர் மூன்றாம் நபர் இல்லை, அதனால் அவர்கள் மனுப் போட்ட பிரிவின்கீழ் வாரிசு இழப்பீடு கேட்க முடியாது என்று ஆனது. "மாப்ள, சாவியைக் குடு, சாயல்குடி வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்று நாள் முழுக்க நடக்கிற ஊரில் இதை எப்படிச் சமாளிப்பது? அவரவருக்கு என்று தனி விபத்துக் காப்பு வைத்துக்கொள்வதுதான். வங்கிக் கணக்கிலிருந்து வருசம் 20 ரூபாய் பிடித்துக்கொண்டு இரண்டு லட்சம் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இருக்கிறது, 18 முதல் 70 வயசு வரை. அது எந்த வண்டி, யார் வண்டி என்று கேட்காது. கடலில் விழுந்தாலும் உண்டு. இரண்டு லட்சம் சின்னத் தொகைதான், ஆனால் 20 ரூபாய்க்கு வேறு யார் கேட்பார்?

மீன் யாவாரிகளின் எக்ஸ்.எல். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டி.வி.எஸ். கம்பெனி 1980ல் ஐம்பது சிசி மொபெட்டை விட்டதிலிருந்து இந்தக் கரையின் யாவாரம் அதன் மேல்தான் ஓடுகிறது. விடியுமுன் ஏலம் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் கால் வைக்கும் இடத்தில் கூடை, ஹேண்டிலில் தராசு. பழைய எக்ஸ்.எல். சூப்பர் 69.9 சிசி, அதனால் அதே 2022 கட்டணப்படி தேர்ட் பார்ட்டி 538 ரூபாயோடு முடிந்துவிடும். எக்ஸ்.எல். 100 எடுத்தால் 714. ஆனால் பாலிசித் தாளின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி இருக்கும். கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது, பந்தயம் ஓட்டக் கூடாது என்பவற்றோடு, சரக்கு ஏற்றக் கூடாது, சாம்பிளும் சொந்த லக்கேஜும் மட்டும் விலக்கு என்றும் இருக்கும். ஐம்பது கிலோ சீலாவும் ஊளியும் சொந்த லக்கேஜா என்று சர்வேயர் கேட்டால் பதில் சொல்லச் சிரமம். மூன்றாம் நபர் வழக்கில் கோர்ட் இரக்கப்பட்டு, முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வாய்ப்பு உண்டு. லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டினாலும் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். வசூல் நோட்டீஸ் பிறகு அப்பாவுக்கு வரும். மீன் ஏற்றவே பிறந்த வண்டிக்கு மீன் ஏற்றக் கூடாது என்று எழுதிய பாலிசியை விற்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. யாவாரிகளுக்கு நான் சொல்வது: சொந்தச் சேதத்துக்குப் போடுவதை யோசித்துப் போடுங்கள், தனி விபத்துக் காப்பை மட்டும் விடாதீர்கள்.

மற்றதெல்லாம் வண்டியைப் பற்றியது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐ.டி.வி. என்பது வண்டி காணாமல் போனால் கிடைக்கும் உச்சத் தொகை. ஒரு வருசம் தாண்டினால் விலையில் 20 சதவீதம் கழியும், இரண்டு தாண்டினால் 30, நாலைத் தாண்டினால் 50; ஐந்துக்கு மேல் பேசித் தீர்ப்பது. பிரீமியம் குறையும் என்று ஏஜெண்ட் ஐ.டி.வி.யைக் குறைத்தால் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கூட்டர் உடம்பு முழுக்க பிளாஸ்டிக். சாதாரண முழுப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பாதிதான் தருவார்கள். புது ஸ்கூட்டருக்கு, தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் சேர்ப்பது அதனால்தான் லாபம். இரும்பு உடம்புப் பழைய பைக்குக்கு அது வீண். கார்த்திகை மழையில் கண்மாய் உடைந்து வண்டி மூழ்கினால் வெள்ளம் என்று கிளெய்ம் உண்டு. ஆனால் தண்ணீரிலிருந்து எடுத்தவுடனே கிக்கரை உதைத்து எஞ்சினைப் பிடிக்க வைத்தால் அந்த எஞ்சின் செலவு நம் தலையில். டவுசரை மடித்துக்கொண்டு மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கிளெய்ம் பண்ணாத ஒவ்வொரு வருசத்துக்கும் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் வருசம் 50 வரை நோ கிளெய்ம் போனஸ் ஏறும். இன்டிகேட்டர் உடைந்ததற்கெல்லாம் கிளெய்ம் போட்டு அதைத் தொலைப்பவர்கள் உண்டு. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினாலும் போனஸ் போய்விடும்.

பாலிசியில் எனக்குப் பிடித்த வரி ஒன்று இருக்கிறது. செல்லுபடியாகும் எல்லை இந்தியா. கூடுதல் கட்டணம் கட்டினால் நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், மாலத்தீவு, இலங்கை வரைக்கும் நீட்டிக்கொள்ளலாம். எங்கள் தாத்தா காலத்தில் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது. 1964 புயலோடு அது போச்சு. மாலத்தீவுக்குப் பைக்கில் எப்படிப் போவது என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வண்டியை விற்பதில் நடக்கும் கூத்தும் கோர்ட்டில்தான் விடியும். சொந்தக்காரன் என்று நம்பி, ஆர்.சி. புக்கைக் கையில் கொடுத்து, பெயர் மாற்றாமல் விட்டுவிடுவார்கள். அவன் இன்னொருவனுக்கு, அவன் இன்னொருவனுக்கு. எங்கேயோ விபத்து என்று சம்மன் வரும்போது, பரிவாகன் பதிவில் யார் பெயரோ அவருக்குத்தான் வரும். 2018ல் நவீன்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைப் பச்சையாகச் சொல்லிவிட்டது: பதிவில் பெயர் இருப்பவரே உரிமையாளர். வாங்கியவர் பதினாலு நாளுக்குள் கம்பெனியில் பெயர் மாற்றச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

சமீபத்தில் அக்கா மகள் வந்தாள். சாயல்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள், மானியத்தில் வாங்கிய ஸ்கூட்டர், ஐந்து வருசத் தேர்ட் பார்ட்டி முடிந்துவிட்டது. "மாமா, ஏஜெண்ட் அண்ணன் தேர்ட் பார்ட்டியே போதும், பழைய வண்டிதானேங்கிறாரு." பின்னால் யாரு உட்காருவா என்று கேட்டேன். காலையில் பையனைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவாள், சாயங்காலம் அம்மாவை, அதாவது என் அக்காவை, பஸ்ஸுக்கு ஏற்றிவிடுவாள். ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். பேக்கேஜ் போடுங்க, உரிமையாளர் விபத்துக் காப்பையும் சேருங்க, ஜீரோ டெப் வேண்டாம் என்றேன்.

"பாலிசி பிரேக் ஆகியிருக்குங்கய்யா, கம்பெனியில வண்டியை நாலு பக்கமும் போட்டோ கேப்பாக. துரு ரொம்ப இருந்தா சொந்தச் சேதம் தர யோசிப்பாக."

"கேக்கட்டும். ஐ.டி.வி. எவ்வளவு குறைஞ்சாலும் சரி, பாலிசி மட்டும் பேக்கேஜா இருக்கணும்."

"பழைய வண்டிக்கு யாருங்கய்யா ஃபுல்லு போடுவா? ஓன் டேமேஜ்ல உங்களுக்கு ஒண்ணும் வராது."

அதற்காகப் போடவில்லை என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை முற்றத்தில் நிறுத்தச் சொன்னேன். அக்கா மகள் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினோம். மறுநாள் கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் ஆகியிருக்கும் தொகைக்கும் இதற்கும் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மாச ரீசார்ஜ் காசுதானே மாமா என்றாள். நாமினி கட்டத்தில் வாங்கினபோது எழுதிய பெயரே இருக்கட்டுமா என்று ஏஜெண்ட் கேட்டார். அவள் பையன் பெயரைச் சொன்னாள். அவன் மைனர், அதனால் காப்பாளர் என்று இன்னொரு பெயரும் வேண்டும் என்றார். அக்கா பெயரைக் கொடுத்தோம்.